கண்ணாடிக்கோலின் வரலாறு: மணி செய்யப் பழகுவோர் அறிய வேண்டிய ஓர் எண்

விளக்குச் சுடரில் கண்ணாடியை உருக்கி மணி செய்யும் கலையைப் பழக விரும்பும் ஒருவர், அதற்கான கண்ணாடிக்கோல்களை வாங்கச் செல்வாரானால், அவரை முதலில் ஈர்ப்பது நிறமாகவே இருக்கும். கடல்நீலம், கிளிப்பச்சை, மாதுளைச் சிவப்பு, தந்தவெண்மை என்று கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். எதை விடுவது, எதை எடுப்பது என்று தெரியாமல் கண் மயங்கும். ஆனால், அவர் முதலில் நோக்க வேண்டியது அந்தக் கட்டுகளின் மேல் எழுதப்பட்டிருக்கும் எண்ணையே. 104, 96, 90, 33 என்பன அவ்வெண்களுட் சில.

இந்த எண்களின் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. வெனிஸ் நகரை அடுத்த முரானோத் தீவும், ஜேர்மனியின் துரிங்கியக் காடும், பொஹீமிய மலைச்சாரலும், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரமும் அதில் இடம்பெறுகின்றன. மணி செய்தவர் பெரும்பாலும் தாமே கண்ணாடியை ஆக்கியவரல்லர். வேறொருவர் உலையில் ஆக்கிய கண்ணாடியை நம்பித் தொழில் நடத்தியவர். இந்தச் சார்புநிலையை விளங்கிக் கொண்டால், எந்தக் கோலை வாங்குவது என்ற வினாவுக்கு விடை காண்பது எளிது.

சுடரும் கோலும்

தொழிலின் அடிப்படை எளிமையானது. பென்சில் அளவு பருமனுள்ள, ஏறத்தாழ 5 அல்லது 6 மில்லிமீற்றர் விட்டமுடைய கண்ணாடிக்கோல் ஒன்றின் நுனியைச் சுடரிற் காட்டினால் அது தேன்போல இளகும். மற்றைய கையில் மெல்லிய உருக்குக் கம்பியொன்று இருக்கும். கண்ணாடி ஒட்டிக்கொள்ளாதிருக்க அந்தக் கம்பியின்மேல் களிமண்ணும் அலுமினாவும் கலந்த குழம்பைப் பூசி உலர்த்தியிருப்பார்கள். இளகிய கண்ணாடியைக் கம்பியைச் சுற்றிப் படரவிட்டு, கம்பியைத் தொடர்ந்து உருட்டிக்கொண்டே இருந்தால் மணி உருண்டு வரும். கம்பி இருந்த இடம் பின்னர் நூல் கோக்கும் துளையாகின்றது.

இன்று புரோப்பேன் வாயுவும் ஒக்சிசனும் கலந்த சுடரில் இவ்வேலை நடைபெறுகின்றது. முற்காலத்தில் எண்ணெயோ விலங்குக் கொழுப்போ எரியும் விளக்குத்தான் இருந்தது. மேசையின் கீழே காலால் மிதிக்கும் துருத்தியொன்று காற்றை ஊதி அந்தச் சுடரைக் கூராக்கும். ஆங்கிலத்தில் இக்கலைக்கு லாம்ப்வேர்க், அதாவது விளக்குவேலை, என்ற பெயர் வந்தது இதனாற்றான். விளக்கு மறைந்தும் பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளக்குச் சுடர் கண்ணாடியை இளக்குமேயன்றி, மணலையும் சோடாவையும் சேர்த்து உருக்கிக் கண்ணாடியாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அதற்கு இரவு பகலாக எரியும் பேருலை வேண்டும். ஆகவே விளக்கின் முன் அமர்பவர், எங்கோ ஓர் உலையை நம்பியே அமர்கின்றார்.

கிரிபாவையும் மாந்தையும்

இந்தத் தொழிற் பிரிவினை மிகப் பழையது. நமது தீவிலேயே அதற்குச் சான்று உண்டு. குருநாகல் மாவட்டத்திலுள்ள கிரிபாவ என்னுமிடத்தில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே மூலக் கண்ணாடி உருக்கப்பட்டதற்கான தடயங்களைத் தொல்லியலாளர் கண்டறிந்துள்ளனர். திருக்கேதீச்சரத்தை அண்டிய மாந்தைத் துறைமுகத்தில் 1980களில் நடைபெற்ற அகழாய்வுகளிலோ கண்ணாடி மணிகள் திரளாகக் கிடைத்தன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடும் இவ்வகை மணிகளுக்குப் பேர்பெற்றது. இவற்றை இந்தோ பசிபிக் மணிகள் என்று பெயரிட்டு வகைப்படுத்தியவர் அமெரிக்க ஆய்வாளரான பீற்றர் பிரான்சிஸ்.

அந்த மணிகள் விளக்குச் சுடரிற் செய்யப்பட்டவையல்ல. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, அதனைத் துண்டு துண்டாக நறுக்கி ஆக்கப்பட்டவை. தொழில்நுட்பம் வேறு. ஆயினும் கண்ணாடியை ஆக்கும் இடமும் மணியை ஆக்கும் இடமும் வேறு வேறாக இருக்கக்கூடும் என்பதற்கு இவை நல்ல எடுத்துக்காட்டுகள். ஒரு மணி எங்கே செய்யப்பட்டது என்று ஆராயும் இன்றைய அறிஞர், அதன் வடிவத்தோடு அதன் இரசாயனக் கலவையையும் பார்ப்பது இதனாலேயே.

முரானோவின் பூட்டிய கதவு

விளக்குவேலை பெருந்தொழிலாக வளர்ந்த இடம் வெனிஸ். 1291ஆம் ஆண்டு, நகரில் தீ பரவும் அச்சத்தால், கண்ணாடி உலைகள் யாவும் முரானோத் தீவுக்கு மாற்றப்பட வேண்டும் என்று வெனிஸ் குடியரசு ஆணையிட்டது. தீயணைப்புக்காகச் செய்த ஏற்பாடு தொழில் இரகசியத்தைக் காக்கும் வேலியாகவும் மாறிற்று. கண்ணாடிக் கலைஞர்கள் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறுவது குற்றமாக்கப்பட்டது. அப்படியிருந்தும் பலர் தப்பிச் சென்றனர். 1660களில் பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர், தமது நாட்டின் கண்ணாடித் தொழிலை வளர்ப்பதற்காக முரானோக் கலைஞர்களைப் பணம் கொடுத்து இழுத்தமை வரலாற்றிற் பதிவானது.

17ஆம் நூற்றாண்டளவில் வெனிஸ் மணித்தொழிலாளர் இரு பிரிவினராக இருந்தனர். இழுத்த குழலை நறுக்கிச் சிறுமணி செய்தவர்கள் ஒரு பிரிவினர். விளக்கின் முன் அமர்ந்து மணியை ஒவ்வொன்றாகச் சுற்றியவர்கள் மற்றைய பிரிவினர். இரண்டாம் பிரிவினருக்கு வேண்டிய கோலை இழுத்துக் கொடுத்தது உலையே. கொதிக்கும் கண்ணாடி உருண்டையின் இரு புறத்திலும் இரும்புக் கோலைப் பொருத்தி, இருவர் எதிரெதிர்த் திசையில் நடப்பார்கள். நடையின் வேகமும் கண்ணாடியின் சூடும் எப்படியோ அப்படியே கோலின் பருமன் அமையும். அந்த நடையில் ஏற்படும் சிறு பிசகும் விளக்கின் முன் இருப்பவரின் கையில் தெரிந்துவிடும்.

பிற்காலத்தில் விளக்குவேலையிற் பெரும்பகுதி பெண்களின் கைக்கு வந்தது. அவர்கள் பெர்லெரே எனப்பட்டனர். மணிகளை நூலிற் கோத்த பெண்கள் இம்பிராரெஸ்ஸே எனப்பட்டனர். வாசற்படிகளிலும் ஒழுங்கைகளிலும் அமர்ந்து ஊசிக் கற்றைகளால் மணி கோத்த இப்பெண்களை அமெரிக்க ஓவியர் ஜோன் சிங்கர் சார்ஜன்ற் 1880களின் தொடக்கத்தில் வரைந்திருக்கின்றார். மணி செய்த பெண்கள் பலருக்குக் கோலைத் தெரிவு செய்யும் உரிமையே இருக்கவில்லை. கொடுத்த கோலில் கேட்ட மணியைச் செய்து கொடுத்தார்கள். இன்று ஒரு பழகுநர் கடையில் நின்று எந்த நிறம் என்று தயங்குகின்ற அந்தத் தயக்கம் அவர்களுக்குக் கிட்டாத வசதி.

அம்மணிகள் போய்ச் சேர்ந்த இடங்களையும் மறந்துவிடலாகாது. ஆபிரிக்கக் கரைகளில் அவை நாணயமாயின, யானைத் தந்தத்துக்கும் பொன்னுக்கும் விலையாயின, மனிதர்களுக்கும் விலையாயின. லிவிங்ஸ்ரனைத் தேடி 1871இல் சன்சிபாரிலிருந்து புறப்பட்ட ஹென்றி ஸ்ரான்லியும் ஒரு பத்திரிகையாளர்தான். எந்தப் பகுதி மக்கள் எந்த நிற மணியை ஏற்பார்கள், எதனை ஏறெடுத்தும் பாரார்கள் என்று விசாரித்து மணி மூட்டைகளைத் தெரிவு செய்ய வேண்டியிருந்த சங்கடத்தை அவர் தமது நூலில் எழுதியிருக்கின்றார். தவறான நிறம் என்றால் பயணமே தடைப்படும். மணியின் நிறம் ஒரு காலத்தில் அத்துணைக் கனதியான விடயமாக இருந்தது.

இடம்பெயர்ந்தோர் மூட்டிய உலை

வெனிசுக்கு வெளியேயும் கோல் இழுக்கும் மரபுகள் வளர்ந்தன. துரிங்கியக் காட்டிலுள்ள லவ்ஷா என்ற ஊரில் 1597ஆம் ஆண்டு கண்ணாடி உலை நிறுவப்பட்டது. விறகும் மணலும் அங்கு அருகருகே கிடைத்தன. விளக்குவேலை ஊர் முழுவதும் பரவியது. பொம்மைகளுக்கும் மனிதர்களுக்குமான செயற்கைக் கண்கள், நத்தார் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடிக் குண்டுகள் என்பவற்றால் லவ்ஷா உலகப் புகழ் பெற்றது. வண்ணக் கோல்களும் குழாய்களும் அங்கேயே இழுக்கப்பட்டன.

பொஹீமியாவின் வடக்கே, யப்லொனெட்ஸ் என்று செக் மொழியிலும் கப்லொன்ஸ் என்று ஜேர்மன் மொழியிலும் வழங்கும் நகரைச் சூழ்ந்த மலைக்கிராமங்களிலும் இதே கதைதான். உலைகள் கோல்களை இழுத்தன. ஆயிரக் கணக்கான குடும்பங்கள் அவற்றை வாங்கி வீடுகளில் மணி செய்தன. 1945இல் உலகப்போர் முடிந்ததும் அப்பகுதியின் ஜேர்மன் மொழியினர் பெருந்தொகையாக வெளியேற்றப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினர் பவேரியாவிலுள்ள கவுஃப்பொய்ரன் நகருக்கு அருகில், கைவிடப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையொன்றின் இடிபாடுகளிடையே குடியேறினர். அந்தக் குடியிருப்புக்குப் புதிய கப்லொன்ஸ் என்ற பொருளில் நொய்கப்லொன்ஸ் என்றே பெயரிட்டார்கள்.

ஊரின் பெயரை மூட்டை கட்டிக் கொண்டுபோவது எத்தகையது என்பதைத் தமிழ் வாசகர் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் கைத்திறனை மட்டும் கொண்டு மணி செய்ய முடியாது. கோல் வேண்டும், கோலுக்கு உலை வேண்டும். பழைய ஊரில் அண்டை வீட்டைப் போல இருந்த உலை புதிய ஊரில் இல்லை. அதனையும் அவர்கள் புதிதாக மூட்டிய பின்னரே தொழில் மீண்டும் காலூன்றியது.

எண் சொல்லும் செய்தி

இனி அந்த எண்ணுக்கு வருவோம். எல்லாப் பொருட்களும் சூட்டில் விரிந்து குளிரிற் சுருங்கும். எவ்வளவு என்பதைக் குறிப்பதே விரிகைத்திறன். 104 என்றால், ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் நீளத்தின் கோடியில் 104 பங்கு விரியும் என்பது பொருள். ஒரு மீற்றர் நீளமான கோலை 100 பாகை சூடாக்கினால் அது ஏறத்தாழ 1.04 மில்லிமீற்றர் நீளும். 33 என்ற எண்ணுடைய போரோசிலிக்கேற்றுக் கோலோ 0.33 மில்லிமீற்றர்தான் நீளும். ஜேர்மனியின் யேனா நகரில் ஒட்டோ ஷொட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்ந்து உருவாக்கியது போரோசிலிக்கேற்றுக் கண்ணாடி. 1915 முதல் பைறெக்ஸ் என்ற பெயரில் சமையலறைகளுக்கும் வந்து சேர்ந்தது அதுவே.

இப்போது 104 கண்ணாடியையும் 90 கண்ணாடியையும் ஒரே மணியிற் சேர்த்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சுடரில் இரண்டும் நன்றாகவே ஒட்டும். மணி அழகாகவே தோன்றும். குளிரும்போது ஒன்று கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் சுருங்கும். 20 மில்லிமீற்றர் அகலமான மணியில் இந்த வேறுபாடு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் கண்ணாடிக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. மணி உடனே வெடிக்கலாம்; சில கிழமைகள் கழித்து, யாரோ ஒருவரின் கழுத்தில் இருக்கும்போதும் வெடிக்கலாம்.

ஈய எழுத்துக் காலத்துப் பத்திரிகைக் கந்தோரைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அச்சுக்கோப்பாளர் எழுத்தை வார்ப்பவரல்லர். வார்ப்பகத்திலிருந்து வந்த எழுத்தைக் கோப்பவர். உயரம் வேறான இரு வார்ப்பகத்து எழுத்துகள் ஒரே வரியில் கலந்துவிட்டால், எத்துணைக் கைதேர்ந்தவர் கோத்திருந்தாலும் அந்தப் பக்கம் சீராக அச்சேறாது.

முரானோக் கலைஞர்களிடம் இந்த எண் இருக்கவில்லை. ஒரே உலையின் கோல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்ற அனுபவ அறிவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜொவான்னி பற்றிஸ்ற்றா பிரான்கினியும் அவருடைய மகன் ஜாகொமோவும் விளக்கின் முன் அமர்ந்து, நுண்ணிய கோல்களை ஒன்றுசேர்த்து, சில மில்லிமீற்றரே அகலமான குறுக்குவெட்டில் கரிபால்டியின் முகத்தையும் கவூரின் முகத்தையும் அமைத்தார்கள். அக்கோல்களுள் ஒன்று ஒவ்வாதிருந்தாலும் அந்த முகங்களில் பிளவு ஓடியிருக்கும். பின்னாளில் ஜாகொமோ மனநோய்க்கு ஆளானார். அவர்களுடைய வேலைப்பாட்டை இன்று அருங்காட்சியகங்களிற் காணலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண் ஒன்றாக இருந்தாலே ஒத்துப்போகும் என்பதற்கும் உறுதியில்லை. இளகிய நிலையிலிருந்து இறுகும்போது கண்ணாடியின் பாகுத்தன்மையும் கணக்கில் வரும். ஆதலால் எண்ணைக் குடும்பப் பெயராகக் கொள்வதே தகும். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தாலும், ஒத்துப்போகும் என்று செய்தவரே சோதித்து உறுதியளித்த கோல்களே பாதுகாப்பானவை.

உலை அணைந்தால்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளக்குவேலை அமெரிக்காவில் பொழுதுபோக்காகவும் கலையாகவும் புத்துயிர் பெற்றது. 1993இல் அங்கே கண்ணாடி மணி செய்வோருக்கெனச் சங்கமொன்று தோன்றியது. புதியவர்களில் அநேகர் முரானோவின் மொரெற்றிக் கோலையே பாவித்தனர். அதன் எண் 104. இதன் காரணமாகவே 104 பழகுநரின் எண்ணாகிவிட்டது. 1974இல் போர்ட்லண்டில் தொடங்கப்பட்ட புல்ஸ்ஐ நிறுவனத்தின் கண்ணாடி 90 என்று அறியப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்பெக்ற்றம் நிறுவனம் 96 என்ற குடும்பத்தை முன்னின்று வளர்த்தது.

போர்ட்லண்டில் மரப்பாசிகளை ஆராய்ந்ததன் முடிவுகள் 2016ஆம் ஆண்டு வெளியானபோது, கண்ணாடித் தொழிற்சாலைகளின் அயலில் கட்மியம் போன்ற நச்சு உலோகங்களின் செறிவு கூடியிருப்பது தெரியவந்தது. குடியிருப்பாளர் கொதித்தெழுந்தனர், அவர்களின் கோபம் நியாயமானது. புல்ஸ்ஐ நிறுவனம் கட்மியம், ஆசனிக்கு ஆகியவற்றின் பாவனையை நிறுத்தி வைத்தது. பளிச்சென்ற மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் சிவப்புக்கும் கட்மியமே மூலம். ஆகவே அந்நிறங்கள் தடைப்பட்டன. அதே ஆண்டு ஸ்பெக்ற்றம் தனது ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. 96 குடும்பத்தை வேறொரு நிறுவனம் பொறுப்பேற்ற போதிலும், இடைக்காலத்தில் அதனை நம்பியிருந்தவர்கள் திகைத்து நின்றனர்.

முரானோவும் தப்பவில்லை. 2021இன் இறுதியில் ஐரோப்பாவில் இயற்கை வாயுவின் விலை பன்மடங்காக உயர்ந்தபோது, அங்குள்ள பல உலைகள் தள்ளாடின. அதற்கு ஓராண்டு முன்னர்தான், 2020 டிசெம்பரில், கண்ணாடி மணிக் கலையை இத்தாலிக்கும் பிரான்சுக்கும் உரிய பண்பாட்டு மரபாக யுனெஸ்கோ தனது பட்டியலிற் சேர்த்திருந்தது. பட்டியலில் இடம்பெற்ற கலைக்கும் உலை எரிந்தாக வேண்டும்.

பழகுநர் என்ன வாங்கலாம்?

இந்த வரலாற்றிலிருந்து பழகுநர் பெறும் முதல் அறிவுரை, ஒரே குடும்பத்தைத் தெரிந்தெடுத்து அதனோடு நிற்பதாகும். தொடங்குபவருக்கு 104 ஏற்றது. அது குறைந்த சூட்டில் இளகும், சிறிய சுடரும் போதும், நிறங்களும் ஏராளம். லவ்ஷாவின் கோல்களிலும் 104 உண்டு. போரோசிலிக்கேற்று உறுதியானது, வெப்ப அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் அதற்கு மிகுந்த சூடுடைய ஒக்சிசன் சுடர் தேவை.

இரண்டாவது, நிறங்களைக் குறைத்துக்கொள்வது. நிறமற்றது, வெள்ளை, கறுப்பு, கோபால்ற்று நீலம், செம்பு தரும் நீலப்பச்சை, தந்தவெண்மை என்ற ஆறு போதும். ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் உலோகத்தின் குணம் என்பதை இவற்றிலேயே கற்கலாம். தந்தவெண்மையும் நீலப்பச்சையும் தொடும் இடத்தில் கரிய கோடொன்று தோன்றுவதைப் பழகுநர் காண்பார். ஒன்றிலுள்ள கந்தகமும் மற்றதிலுள்ள செம்பும் சேர்வதால் வருவது அது. மணிக்குக் கேடு செய்யாது. பொன்னாற் பிறக்கும் இளஞ்சிவப்பு விலை கூடியது. கட்மியச் சிவப்பு சுடரில் நிறம் மாறும். இவ்விரண்டையும் கை பழகிய பின் வாங்கலாம்.

மூன்றாவது, கோலை மெல்ல மெல்லச் சூடாக்குவது. சுடரின் வெளிவிளிம்பிலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும். திடீரென நுழைத்தால் நுனி சிதறித் தெறிக்கும். முடித்த 104 மணியை 500 பாகை செல்சியசைச் சற்றே கடந்த மின்சூளையில் வைத்துப் படிப்படியாக ஆறவிட வேண்டும். சோடியத்தின் மஞ்சள் ஒளியை மறைக்கும் டைடிமியம் மூக்குக்கண்ணாடியும், புகையை வெளியேற்றும் காற்றோட்டமும் இன்றியமையாதன. போர்ட்லண்டின் மரப்பாசி தந்த பாடம் வீட்டு மேசைக்கும் பொருந்தும்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்குக் கொண்டுவந்த கட்டைப் பிரித்தவுடன், அதன் குடும்ப எண்ணையும் செய்தவர் பெயரையும் எழுதி அந்தக் கோல்களோடு கட்டி வைக்க வேண்டும். கட்டவிழ்ந்து கலந்துவிட்ட கோல்களைக் கண்ணாற் பார்த்து இனம் பிரிக்க எவராலும் இயலாது. வெள்ளை வெள்ளையாகவும் நீலம் நீலமாகவும்தான் தோன்றும். எந்த உலையிற் பிறந்தவை என்பதை, மணி வெடிக்கும் நாளில்தான் அவை சொல்லும்.